மைக் அக்காவின் புதன்கிழமைகள்

அரியலூர் மாவட்டத்திலேயே ரகசியம் என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாத ஒரே ஜீவன் எங்கள் மைக் அக்காதான். சும்மா சொல்லவில்லை. அவர் காதில் ஒரு சேதி விழுந்தால், அது அவர் வாய்க்கு வந்து சேர்வதற்குள் ரெட்டிபாளையம் கடைத்தெருவுக்குப் போயிருக்கும் என்று சத்தியம் செய்ய எங்கள் ஆலையில் ஆட்கள் உண்டு.

நான் அங்கே சரக்கு அனுப்பும் பிரிவில் கிளார்க்காக இருந்தேன். சிமென்ட் ஆலை. என் ஜன்னலுக்கு நேரே எடைமேடை. காலி லாரி உள்ளே வரும்போது ஒரு தடவை, மூட்டை ஏற்றிக்கொண்டு வெளியே போகும்போது ஒரு தடவை, அந்த இரும்புத் தட்டின்மேல் ஏறி நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். தட்டை ஒட்டிப் படியேறினால் ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன், ஒரு மைக், ஓர் அக்கா. அடுத்த லாரியின் நம்பரைக் கூப்பிடுவதற்காகத்தான் மைக். அதற்காக வளாகம் முழுக்கக் கம்பம் நட்டுப் புனல் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். நம்பரைக் கூப்பிட மட்டும்தான் மைக் என்பதை அக்காவிடம் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் அவருடைய நிஜப் பெயரைக் கேட்டேன்.

"எதுக்கு? பத்திரிகை அடிக்கவா? மைக் அக்கான்னே கூப்புடு. எம் புருசனே அப்படித்தான் கூப்புடறாரு" என்றார்.

காலையில் அவர் குரலோடுதான் ஆலை விழிக்கும். "நாப்பத்தாறு பன்னெண்டு, தட்டுக்கு வா. பின்னாடி நிக்கிற நாமக்கல் வண்டி, ஹாரன் அடிக்காத, உன் நம்பர் எனக்குத் தெரியும், உன் அவசரமும் தெரியும். டிரைவர் தம்பி, கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? ராத்திரி தூங்கலையா? வண்டிய ஓரங்கட்டிட்டு ஒரு மணி நேரம் படு. நான் கூப்புடறேன்." அந்த டிரைவர் படுத்தே ஆக வேண்டும். படுக்காவிட்டால் அவர் நம்பர் வராது.

சொந்த விஷயங்களுக்கும் அதே மைக்தான். "நான் பாத்ரூம் போறேன். கூண்டுல ஆள் இல்லன்னு யாரும் கத்தாதீங்க." "எனக்கு இன்னிக்கு சஷ்டி விரதம். யாராச்சும் வடை வாங்கியாந்து மூஞ்சிக்கு நேரா தின்னீங்க, தெரியும் சேதி."

ஒரு நாள் லோடு லாரி ஒன்று தட்டில் நிற்கும்போது, பின்னால் வந்த வெள்ளைக் கார் அவசரத்தில் அதை ஒட்டிக்கொண்டு நின்றது. ஸ்பீக்கர் முழங்கியது: "வெள்ளைக் காரு சார், கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க. உங்க முன்சக்கரம் தட்டுல ஏறிடுச்சு. சிமென்ட்டோட உங்களையும் சேத்து எடை போட்டா, வாங்கறவங்க எங்கிட்ட சண்டைக்கு வருவாங்க."

காருக்குள் இருந்தவர் எங்கள் ஜி.எம். அவர் ரிவர்ஸ் எடுத்தார்.

இப்படிப்பட்ட ஆலைக்குத்தான் சென்னைத் தலைமை அலுவலகம் ஒரு நாள் மன அமைதியை அனுப்பி வைத்தது.

முதலில் பேனர் வந்தது. அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கடற்கரையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பிறகு ஆளுக்கொரு ரப்பர் பந்து வந்தது. கோபம் வந்தால் அதைப் பிசைய வேண்டுமாம். மூட்டை தூக்குகிறவர்கள் அதை ஒரே நாளில் கிரிக்கெட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு காலை நேரம், மூட்டை கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் எங்களையெல்லாம் நிறுத்தி வைத்து, மூச்சுப் பயிற்சி. "நல்லா ஆழமா, நெஞ்சு நிறைய இழுங்க" என்றார் பயிற்சியாளர். இழுத்தோம். சிமென்ட் தூசி ஒரே மூச்சில் உள்ளே போனது. அமைதி வரவில்லை, இருமல்தான் வந்தது. பயிற்சியாளரே கண்ணில் நீர் வழியத் தண்ணீர் கேட்டார்.

இதையெல்லாம் நடத்தியவர் எங்கள் ஹெச்.ஆர். சார். நல்ல மனிதர். மேலிடம் அனுப்புகிற எதையும் நம்பிக்கையோடு பிரிப்பார். உருப்படியாக வந்தது ஒன்றே ஒன்றுதான் என்று அவருக்கும் தெரியும். அது புதன்கிழமைதோறும் திருச்சியிலிருந்து வருகிற ஆலோசகர் அம்மா. மனசு சரியில்லை, தூக்கமில்லை, வீட்டில் பிரச்சினை, எதுவானாலும் அவரிடம் போய்ப் பேசலாம். வெளியே போகாது.

ஆனால் அவருக்குக் கொடுத்த அறை கேன்டீனுக்குப் போகிற வழியில் இருந்தது. கதவுக்கு மேலே 'மனநல ஆலோசனை அறை' என்று பஸ் போர்டு அளவில் எழுதியிருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டோடு போகிற மொத்த ஆலையும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டேதான் போகும். யார் போவார்? ஒரு ஃபிட்டர் அந்த அறையில் ஃபேன் ரிப்பேர் செய்யப் போனார். வெளியே வந்தபோது, "என்னண்ணே, மேல நட்டு கழண்டுடுச்சா?" என்று கேட்டார்கள். "ஃபேன்லதான்டா!" என்று அவர் கத்தியதை ஒருவரும் நம்பவில்லை. அடுத்த முறை ஃபேன் நின்றபோது அவர் வரவே மாட்டேன் என்றுவிட்டார். ஆலோசகர் அம்மா வியர்க்க வியர்க்க உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்துவிட்டுத் திருச்சிக்குப் போனார்.

அப்படி ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், ஸ்பீக்கரில் தொண்டையைக் கனைக்கும் சத்தம்.

"டிரைவருங்க எல்லாரும் கேட்டுக்குங்க. ஒரு அரை மணி நேரம் எடை கிடையாது. நான் மனசு டாக்டரம்மாவப் பாக்கப் போறேன்."

கேன்டீனில் ஸ்பூன் சத்தம் நின்றது. அக்கா கூண்டிலிருந்து இறங்கி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கள் எல்லார் முன்னாலும் நடந்துபோய் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனார். ரேஷன் கடைக்குப் போகிறவர்கூட இவ்வளவு சாதாரணமாகப் போக மாட்டார். அரை மணி கழித்து மறுபடி ஸ்பீக்கர்.

"வந்துட்டேன். ரூம்ல ஏசி இல்ல, ஃபேனும் ஓடல. ஆனா அந்தம்மா நல்ல மாதிரி. பிஸ்கட் குடுத்தாங்க. நான் கொஞ்ச நேரம் அழுதேன். இப்ப தேவல. எழுவத்தொண்ணு பதிமூணு, தட்டுக்கு வா."

அன்று டீ நேரத்தில் நாங்கள் அக்காவைச் சுற்றிக்கொண்டோம். அவர் டம்ளரை ஆற்றிக்கொண்டே சொன்னார். பல வருஷமாக மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறாராம்.

"ஒரு நா காலையில எழுந்தேன். பல்லு வெளக்க கை வரல. அப்படியே உக்காந்துட்டேன். புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவுது, நான் உக்காந்திருக்கேன். திரும்பி வருது, அங்கனயே உக்காந்திருக்கேன். மந்திரிச்சாங்க, கயிறு கட்டுனாங்க. கடைசில எம் புருசன்தான் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனாரு."

"என்ன காரணம்க்கா?" என்றார் ஒருவர்.

"எல்லாரும் இதத்தான் கேக்குறீங்க. உனக்கு சுகர் வந்துச்சே, யாரு உன்ன ஏமாத்துனா? யாரு மேல ஆசப்பட்ட? வந்துச்சு, அவ்வளவுதான்."

சுகர்க்காரர் டீயில் சர்க்கரை போடாமல் குடித்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஒரு லோடுமேன் அந்த அறைக்குப் போனார். தம்பி விபத்தில் இறந்துபோனதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. கதவருகில் நின்ற காவலாளி, "இது பர்மனென்ட் ஆளுங்களுக்கு மட்டும்தான். நீ கான்ட்ராக்ட்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். காவலாளி மேல் தப்பில்லை. மேலிடத்து உத்தரவு அப்படி. லோடுமேன் எடைமேடைப் பக்கமாகத் திரும்பிப் போகும்போது அக்கா கூப்பிட்டு விசாரித்தார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"ஒரு சந்தேகம். தெரிஞ்சவங்க சொல்லுங்க. மனசுங்கறது பர்மனென்ட் ஆளுங்களுக்கு மட்டுந்தான் குடுத்துருக்கா? மூட்ட தூக்குறவனுக்கு இல்லியா? வண்டி ஓட்டுறவனுக்கு இல்லியா? இல்லன்னா சொல்லிடுங்க, அவங்க பாட்டுக்கு சந்தோசமா இருந்துட்டுப் போவட்டும்."

ஐந்து நிமிஷத்தில் ஜி.எம். அறைக்கு வரச் சொல்லி அக்காவுக்கு அழைப்பு வந்தது. நான் கையெழுத்து வாங்க அங்கே நின்றிருந்ததால் கண்ணால் பார்த்தேன்.

"ஏம்மா, உங்களுக்கு மைக் எதுக்குக் குடுத்திருக்கு?"

"நம்பரக் கூப்புடத்தான் சார்."

"இப்ப என்ன பண்ணீங்க?"

"நம்பர் இல்லாதவங்களையும் சேத்துக் கூப்புட்டேன் சார்."

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஆலையில் ஊழியர் எண் கிடையாது. ஜி.எம். பேனாவை மூடி வைத்தார். பக்கத்தில் நின்ற ஹெச்.ஆர். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தோன்றியது.

மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். பதிலுக்கு சிவப்பு, பச்சை விளக்கு வைத்தார்கள். விளக்குக்கு நம்பர் சொல்லிக் கூப்பிடத் தெரியாது, கண் சிவந்திருப்பது தெரியாது. பச்சை விழுந்தது தனக்குத்தான் என்று உள்ளே வருகிறவரும் வெளியே போகிறவரும் ஒரே நேரத்தில் தட்டில் ஏறி, எதிரும் புதிருமாக நின்று, யார் பின்வாங்குவது என்று கீழே இறங்கிச் சண்டை போட்டார்கள். மத்தியானத்துக்குள் லாரி வரிசை மெயின் ரோட்டைத் தொட்டுவிட்டது. கடைசியில் ஜி.எம்.மே வெயிலில் நின்று கையைக் காட்டினார். அவரை டிராஃபிக் போலீஸ் என்று நினைத்து ஒரு வெளியூர் டிரைவர் லைசென்ஸை எடுத்து நீட்டினார்.

மறுநாள் காலை மைக் திரும்பி வந்தது. அதே வாரத்தில் ஆலோசனை அறைக் கதவில் ஹெச்.ஆர். சார் தன் கையாலேயே ஒரு காகிதம் ஒட்டினார்: 'ஒப்பந்தத் தொழிலாளர்களும் ஓட்டுநர்களும் வரலாம்.' லோடுமேன் போனார். ஃபேனும் ஓடியது.

ஊரே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நான்தான் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் இது என்று எனக்குத் தெரிந்தது, உதடு வரவில்லை.

இதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தேன். வீடு குரும்பலூர். கணவருக்குப் பெரம்பலூரில் செல்போன் கடை. மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, பெரம்பலூர் வந்து, கம்பெனி பஸ் பிடித்து வருவேன். எல்லாரும் எனக்கு ஒத்தாசையாகத்தான் இருந்தார்கள். குழந்தையும் நல்ல குழந்தை. ஆனால் அது அழும்போது பக்கத்து வீட்டு டிவியில் யாரோ அழுவதுபோல இருக்கும். தூக்குவேன், பால் கொடுப்பேன், எல்லாம் கை செய்யும். எனக்குள் ஒன்றும் நடக்காது. பெற்ற பிள்ளைமேல் பாசம் வராத ராட்சசி என்று என்னை நானே முடிவு கட்டிவிட்டேன். இதை யாரிடம் சொல்வது? சேலத்துக்குப் போக வேண்டிய சரக்குக்கு சேதுபாவாசத்திரம் என்று சீட்டு போட்டேன். மேலதிகாரி திட்டினார். அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு மத்தியானம் கேன்டீனுக்குப் போகலாம் என்று வெளியே வந்தேன். நடந்துகொண்டே இருந்தவள் வழியில் நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று கேட்டால் தெரியாது. காலைத் தூக்கி வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். நான் நின்றது லாரி வரும் பாதை. எதிரே லோடு வண்டி ஒன்று ஹாரன் அடித்தது. அதுவும் எங்கோ அடிப்பதுபோல் கேட்டது.

அப்போது ஸ்பீக்கர்.

"எல்லா வண்டியும் அப்படியே நில்லு! எடைமேடையில கோளாறு. எவனும் ஒரு இஞ்சு நகரக்கூடாது. எஞ்சின ஆஃப் பண்ணு. எல்லாரும் ஆஃப் பண்ணு!"

ஒவ்வொன்றாக எஞ்சின்கள் நின்றன. எடைமேடையில் ஒரு கோளாறும் இல்லை. அக்கா மைக்கில் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். படியில் தடதடவென்று இறங்கி வந்தார். என் கையைப் பிடித்தார். "வா பாப்பா, வெயிலா இருக்கு பாரு" என்று சொல்லிக் கூண்டுக்கு அழைத்துப்போனார். உள்ளே உட்கார வைத்தார். மைக்கின் பின்னாலிருந்த சுவிட்சை அணைத்தார். அதோடு நிற்காமல் வயரையே பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மைக் இல்லாமல் அக்காவின் குரல் எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எத்தன நாளா?" என்றார்.

"என்னதுக்கா?"

"இப்படி."

"பாப்பா பொறந்ததுலேருந்து" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பாசம் வரவில்லை என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் பயம் வந்துவிட்டது. ஆலையிலேயே யாரிடம் சொல்லக் கூடாதோ அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன். "அக்கா, வெளிய சொல்லிடாதீங்க. என் புருசனுக்கே தெரியாது. கால்ல விழுந்து கேக்குறேன்."

அக்கா வயரை மடியிலேயே சுருட்டி வைத்தார். "என் கதைய நான் ஊருக்கே சொல்லுவேன். அது என் கதை. உன் கதைய சொல்ல நான் யாரு? நீயா சொல்லணும்னு தோணுனா சொல்லு. இல்லாட்டி இங்கனயே கெடக்கட்டும்." பிறகு, "உனக்குப் பாசம் இல்லன்னு யாரு சொன்னா? இல்லாதவ அதுக்காக இப்படி அழுவாளா? இது நோவு பாப்பா. புள்ள பெத்தவங்க நெறைய பேருக்கு வரும். சரியாயிடும். எனக்கே சரியாயிருக்கு, உனக்கு ஆவாதா?" என்றார்.

வெளியே வரிசையில் நின்ற லாரிகள் பொறுமையாகக் காத்திருந்தன. அவர் என்னை விட்டு எழுந்திருக்கவில்லை.

"புதன்கிழம அந்தம்மாகிட்ட போறியா?"

"எல்லாரும் பாப்பாங்கக்கா. நீங்க போலாம். நான் போனா, புள்ள பெத்துட்டு பைத்தியமாயிட்டான்னு ஊர் வரைக்கும் போயிடும்."

"யாரும் பாக்க மாட்டாங்க. நீ சாப்பாட்டு மணி அடிச்சதும் அந்தக் கதவுகிட்ட வந்து நில்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

புதன்கிழமை வந்தது. மணி அடித்தது. தட்டோடு கூட்டம் வந்துகொண்டிருந்தது. நான் கதவுக்குப் பக்கத்தில் ஏதோ நோட்டீஸ் படிப்பதுபோல நின்றேன். ஸ்பீக்கரில் அலறல்.

"பாம்பு! பாம்பு! எடைமேடைக்கு அடியில சாரப்பாம்பு! கை தண்டிக்கு இருக்கு! ஓடியாங்க!"

மொத்தக் கூட்டமும் தட்டை வைத்துவிட்டு எடைமேடைக்கு ஓடியது. யாரோ ஒருவர் கடப்பாரையோடு ஓடினார். ஜி.எம்.மும் கையில் செருப்போடு ஓடினார். நான் கதவைத் திறந்து உள்ளே போனேன்.

அடுத்த புதன்கிழமை, பின்பக்க முட்புதரில் மயில் தோகை விரித்து ஆடியது. அதற்கு அடுத்த புதன், மெயின் கேட்டில் சினிமா ஷூட்டிங் வேன் வந்து நின்றது. காவலாளி தலை சீவிக்கொண்டு வாசலில் நின்றதாகக் கேள்வி. அப்புறம் ஒரு புதன், யாரோ புண்ணியவான் இலவசமாக நுங்கு தருகிறார் என்றார் அக்கா. நான் வெளியே வரும் நேரம் பார்த்து இன்னொரு அறிவிப்பு வரும். ஓடிப்போனவர்கள் திரும்பி வந்து, "எங்கக்கா பாம்பு?" என்றால், "இப்பத்தான் போச்சு. நீங்க ஆடி அசைஞ்சு வந்தா அது நிக்குமா?" என்பார். அக்காவுக்கு மூளை கொஞ்சம் பிசகிவிட்டது என்று ஆலையில் பேசிக்கொண்டார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. ரகசியமே தெரியாத மனுஷி, எனக்காகப் பைத்தியக்காரப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

ஆலோசகர் அம்மா என்னை ஒரு டாக்டரிடமும் அனுப்பினார். பால் கொடுக்கிறேன் என்பதைக் கேட்டுக்கொண்டு அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. ஆனால் மாத்திரையை வீட்டில் ஒளித்து வைத்துச் சாப்பிட வேண்டியிருந்தது. அதைச் சொன்னதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் ஊரான வரதராஜன்பேட்டையிலிருந்து பஸ் மாறி மாறிக் குரும்பலூருக்கு வந்துவிட்டார், கையில் ஒரு சீப்பு பழத்தோடு.

அவரை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு நானேதான் சொன்னேன். கணவர் அதிர்ந்துபோய், "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். மாமியார்தான் முகத்தைச் சுளித்தார்.

"புள்ள பெத்தவளுக்கு என்னா மனசு நோவு? நாங்கல்லாம் பெக்கலையா? மூணு பெத்தேன். மறுமாசமே களை வெட்டப் போனேன்."

அக்கா சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"நீங்க பெத்தப்ப, நீ எப்படி இருக்கேன்னு யாராச்சும் கேட்டாங்களாம்மா?"

மாமியார் குழந்தையை என் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"கேக்கல" என்றார்.

பிறகு அடுப்படிக்குப் போய் எங்களுக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து ராத்திரி மாத்திரையும் தண்ணீரும் அவர்தான் எடுத்து வந்து தருவார். "முழுங்கு" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

பிறகு வந்த ஒரு புதன்கிழமையை மறக்கவே முடியாது. நான் வழக்கம்போலக் கதவருகில் நின்றேன். அன்றைக்கு என்ன வரப்போகிறதோ என்று பார்த்தால், மறுபடியும் "பாம்பு! பாம்பு!" அலுத்துப்போன கூட்டம் ஒரு எட்டு எடுத்து வைக்கவில்லை. "அக்கா, நேத்து யானை வந்துச்சே, அது எங்க?" என்று ஒருவர் கத்தினார். எல்லாரும் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்துச் சிரித்த நேரத்தில் நான் சட்டென்று அறைக்குள் புகுந்துவிட்டேன். ஸ்பீக்கர் ஓயவில்லை.

"டேய், நெசமாவே பாம்புடா! கூண்டுக்குள்ளயே இருக்கு! நான் நாற்காலி மேல நிக்கிறேன்! சத்தியமா பாம்பு! எம் புள்ளைங்க மேல சத்தியம்! வாங்கடா, யாராச்சும் வாங்கடா!"

வெளியே எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அக்காவின் குரல் தெரியும். அது நிஜம். ஆலோசகர் அம்மாவிடம், "மேடம், இது நிஜப் பாம்பு" என்று சொல்ல வாயெடுத்தேன்; சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேசையில் தலையை வைத்து, மூச்சு முட்டச் சிரித்தேன். குழந்தை பிறந்த பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு. கண் துடைத்துக்கொண்டு வெளியே ஓடிப்போய், "நெசமா பாம்புதான், போங்க!" என்று கத்தினேன். லோடுமேன்தான் கம்போடு ஓடிப்போய் அதை வெளியே விரட்டிவிட்டார். நான் எந்தக் கதவிலிருந்து ஓடி வந்தேன் என்று எல்லாரும் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அப்போது தோன்றியது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மகள் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நெஞ்சுக்குள் என்னவோ நகர்ந்தது. அப்படியே வாரி எடுத்துக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை காலையிலேயே கூண்டுக்குப் போய், "அக்கா, இன்னிக்கு எதுவும் சொல்லாதீங்க. நான் சும்மா நடந்தே போய்க்கிறேன்" என்றேன்.

"அப்பாடா" என்றார் அக்கா. "எனக்கும் கத தீந்து போச்சு. அடுத்து முதலமைச்சர் வர்றாருன்னுதான் சொல்லணும்னு இருந்தேன். உள்ள தள்ளிருப்பாங்க."

நடந்து போனேன். சிலர் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுமாதம் அந்த அறை வாசலில் ஃபிட்டர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஸ்க்ரூடிரைவர் இல்லை.

இத்தோடு முடித்துவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் இந்த நோவு அப்படி முடித்துக்கொள்வதில்லை. போன வருஷம் அக்காவுக்கு அது திரும்ப வந்தது. மாத்திரையை ஒழுங்காகத்தான் சாப்பிட்டார். ஆனாலும் வந்தது. காய்ச்சலுக்கு லீவு கொடுப்பதுபோலவே ஹெச்.ஆர். சார் லீவு கொடுத்தார். ஜி.எம். என்னைக் கூப்பிட்டு, "அவங்களப் பாத்தா, அவசரமில்லன்னு சொல்லுங்க. எப்ப முடியுதோ அப்ப வரட்டும். அவங்க இடம் அப்படியே இருக்கும்" என்றார்.

மகளைத் தூக்கிக்கொண்டு வரதராஜன்பேட்டைக்குப் போனேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முடி சிக்குப் பிடித்திருந்தது. அவர் கணவர் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பேச மாட்டேங்குறாம்மா" என்றார்.

"அக்கா, நான்தான்."

"எங்கிட்ட இப்ப பேசறதுக்கு ஒண்ணுமில்ல பாப்பா. போயிட்டு வா."

"பேச வரலக்கா. சும்மா உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்திருந்தேன். நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அக்கா என்னிடம் எதையும் திணித்ததில்லை. மகள் கட்டிலைப் பிடித்து ஏறி, அக்காவின் முதுகில் சாய்ந்துகொண்டு, கையிலிருந்த முறுக்கைக் கடித்துத் துகளெல்லாம் அவர் கழுத்தில் உதிர்த்தாள். அக்கா அவளைத் தள்ளவில்லை. வெயில் இறங்கும்போது நான் எழுந்தேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டே அக்கா கேட்டார்: "நாளைக்கு வருவியா?"

மறுநாள் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். அக்கா எழுந்து, தலை வாரி, மறுபடி வேலைக்கு வரத் தொடங்கிய பிறகும் லீவு கிடைக்கும்போதெல்லாம் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். நன்றிக்கடன் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். கடன் ஒன்றுமில்லை. அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கும்.